முதலில் எதை வாங்குவது? ஏர் ரைஃபிள் பழகுபவர்களுக்கு ஒரு பாடம்



போன தீபாவளிக்குச் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். முறுக்குத் தட்டை என்னிடம் கொடுத்த கையோடு சித்தி மகன் ஒரு தாளையும் நீட்டினான். உயர்நிலை இரண்டில் படிக்கிறான். பள்ளியில் துப்பாக்கிச் சுடுதலை இணைப்பாட நடவடிக்கையாக எடுத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தாளில் ஒன்பது பொருள்கள்: ஜாக்கெட், கால்சட்டை, பூட்ஸ், க்ளவ், புது பட் பிளேட், எடைக்கட்டிகள், ஐரிஸ், விலை கூடிய பெல்லட், கண்மறைப்பு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் விலை. அடியில் மொத்தம்.

"அண்ணா, இதெல்லாம் இருந்தா டீம்ல எடுத்துடுவாங்க, இல்ல?"

சித்தி சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தார்: "ரெண்டு மாசம் ஓவர்டைம் பார்த்தா முடிஞ்சிடும்பா. பிள்ளை ஆசைப்படுறான்."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில், பழகத் தொடங்கிய முதல் ஆண்டே யாரோ பயன்படுத்திய ஜாக்கெட் ஒன்றை வாங்கினேன். தோளும் இடுப்பும் கொஞ்சம் பெரிது. "வளர்ற பிள்ளைதானே, சரியாயிடும்" என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்று மாதம் போட்டுச் சுட்டும் புள்ளி ஏறவில்லை. போட்டி நாளில் உடை சோதனைக்குப் போனால், முன்பக்கம் துணி அதிகமாக மேலே ஏறுகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாதாரண டீ-சட்டையோடு சுட்டேன். அதற்கு அடுத்த வாரம் கோச் என் துப்பாக்கியை ஒருமுறை பார்த்துவிட்டு, பட் நீளத்தை 2 சென்டிமீட்டர் குறைத்தார். அவருக்கு ஆன செலவு, அலன் கீ திருப்பிய பத்து நிமிடம். அன்றைக்கே குண்டுகள் ஒன்றாகக் கூட ஆரம்பித்தன.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம் விளையாட்டில் சில சமயம் கூடமும் உண்மையிலேயே கோணலாக இருக்கும். எது கூடத்தின் கோணல், எது நம் கோணல் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் பணம் வீணாகாது. இந்தப் பாடம் அதைப் பற்றித்தான்.

1. எதைச் சுடுகிறோம் என்று தெரிந்துகொள்வோம்

10 மீட்டர் ஏர் ரைஃபிளில் பெல்லட்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். இலக்கின் கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீட்டர். நடுவில் இருக்கும் 'பத்து' வெறும் 0.5 மில்லிமீட்டர் புள்ளி. பெல்லட்டின் ஓரம் அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து கிடைக்கும். அதாவது பெல்லட்டின் நடு, இலக்கின் நடுவிலிருந்து 2.5 மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும். பத்துக்குள்ளேயும் 10.0 முதல் 10.9 வரை தசமப் புள்ளி உண்டு, ஒவ்வொரு 0.1 புள்ளிக்கும் 0.25 மில்லிமீட்டர் நெருங்க வேண்டும். போட்டியில் 60 குண்டு, மின்னணு இலக்கில் 75 நிமிடம். அதற்கு முன் ஆயத்தத்துக்கும் சரிபார்ப்புக் குண்டுகளுக்கும் 15 நிமிடம்.

இப்போ ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்க. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கண், பின்குறி, முன்குறி வரிசை வெறும் 0.2 மில்லிமீட்டர் தப்பினால், 10 மீட்டர் தள்ளி அது 2.5 மில்லிமீட்டர் ஆகிவிடும். நட்டநடுவில் விழ வேண்டிய குண்டு பத்தின் விளிம்புக்குப் போய்விடும். 0.2 மில்லிமீட்டர் என்பது சாதாரண நகல் தாள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கனம். கன்னம் கொஞ்சம் அழுத்தினாலே அவ்வளவு நகரும். அதனால்தான் இந்த விளையாட்டில், கடையில் வாங்கும் பொருளைவிட, ஒவ்வொரு முறையும் உடம்பு ஒரே இடத்தில் ஒரே மாதிரி உட்காருவது பெரிய விஷயமாகிறது.

2. துப்பாக்கி உங்களுடையது அல்ல

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஏர் ரைஃபிள் விளையாட்டுச் சாமான் கிடையாது. மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலேயே காற்றுத் துப்பாக்கியும் சேர்க்கப்பட்டிருக்கிறது. சிங்கப்பூரிலும் உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குற்றம். "இணையத்துல மலிவா இருக்கு, தருவிச்சுக்கலாமா?" "ஜொகூர்ல ஒருத்தர் பாகம் விக்கிறாராம், போய் எடுத்துட்டு வரலாமா?" என்று யாராவது கேட்டால் ஒரே பதில்தான்: வேண்டாம். பெல்லட்டாக இருந்தாலும் சரி, சின்ன ஸ்க்ரூவாக இருந்தாலும் சரி, கிளப் வழியாகவே போங்கள்.

பள்ளித் துப்பாக்கி ரேஞ்சின் ஆயுத அறையில்தான் இருக்கும். காலையில் ஒருவர், மாலையில் இன்னொருவர் என்று மாறி மாறிப் பயன்படுத்துவார்கள். ஆகவே துப்பாக்கியில் பொருத்தும் பாகத்தை உங்கள் காசில் வாங்குவதில் அர்த்தமே இல்லை. உங்களோடு வீட்டுக்கு வரக்கூடியவை மட்டும்தான் உங்கள் பட்டியலில் இருக்கலாம்.

பாதுகாப்புக்காக ஒன்று மட்டும் கட்டாயம். குழாயின் முழு நீளத்துக்கும் உள்ளே போகும் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கயிறு. அது உள்ளே இருந்தால், குழாயில் பெல்லட் இல்லை என்று பக்கத்தில் நிற்பவர் எல்லாருக்கும் தெரியும். பெரும்பாலும் ரேஞ்சிலேயே கிடைக்கும், வாங்கினாலும் மலிவுதான். இன்னொரு விஷயம், பெல்லட் ஈயத்தால் ஆனது. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிட உட்காராதீங்க.

3. பட்டியலுக்கு முன் அட்டையைப் படியுங்கள்

அடுத்த பயிற்சியில் பத்துக் குண்டு சுட்டு, அந்தக் காகித இலக்கையோ திரையில் தெரியும் படத்தையோ உட்கார்ந்து பாருங்கள். புள்ளியைக் கூட்ட வேண்டாம். குண்டுகள் எந்த வடிவத்தில் விழுந்திருக்கின்றன என்று மட்டும் பாருங்கள்.

எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுந்து, நடுவை விட்டுத் தள்ளியிருந்தால், பின்குறியைச் சில கிளிக் திருப்பினால் போதும். செலவு ஒன்றுமில்லை.

மேலும் கீழுமாக நீண்டிருந்தால், மூச்சு, கன்னம் உட்காரும் உயரம், பட் பிளேட் தோளில் உட்காரும் இடம் ஆகிய மூன்றில் ஒன்று ஒவ்வொரு முறையும் மாறுகிறது.

இடமும் வலமுமாகப் பரவியிருந்தால், பெரும்பாலும் பாதங்கள் நிற்கும் கோணம்தான் காரணம். துப்பாக்கி தானாகப் போக விரும்பும் இடம் ஒன்று, நீங்கள் கையால் இழுத்துப் பிடிக்கும் இடம் இன்னொன்று.

சுற்றிலும் பெரிய வட்டமாகச் சிதறியிருந்தால், அதற்குக் கடையில் மருந்து கிடையாது. பயிற்சிதான்.

முதல் ஏழெட்டுக் குண்டு நன்றாக இருந்து கடைசியில் சிதறினால், அது களைப்பு. அதற்குக் காலை ஓட்டமும் முதுகு, வயிற்றுத் தசைப் பயிற்சியும் வேண்டும். எந்த உபகரணமும் வேண்டாம்.

இந்த ஐந்தில் நான்குக்குப் பணமே தேவையில்லை என்பதைக் கவனியுங்கள்.

4. செலவில்லாத முன்னேற்றம்: உடம்புக்குத் துப்பாக்கியைப் பொருத்துவது

போட்டித் துப்பாக்கிகளில் பட் நீளம், பட் பிளேட்டின் உயரம், கன்னம் வைக்கும் சீக்பீஸின் உயரம், முன்கை தாங்கும் கட்டையின் உயரம் எல்லாமே மாற்றக்கூடியவை. ஆறடி அண்ணன் பயன்படுத்திய அளவிலேயே ஐந்தடித் தங்கை சுட்டால் அவள் கழுத்து வளையும், தோள் ஏறும், முதுகு வலிக்கும். பிறகு "எனக்கு இது வராது" என்று விட்டுவிடுவாள். அப்படி விட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கோச் பக்கத்தில் இருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பெல்லட் போடாத துப்பாக்கியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, தலையை நேராக வைத்து, கன்னத்தைச் சீக்பீஸில் மெதுவாக இறக்குங்கள். பிறகு கண்ணைத் திறங்கள். பின்குறித் துளையின் நடுவில் முன்குறி வளையம் தெரிந்தால் பொருத்தம் சரி. கண் தாழ்ந்திருந்தால் சீக்பீஸை உயர்த்த வேண்டும். மேலே இருந்தால் இறக்க வேண்டும். மூக்கு பின்குறியை இடித்தால் பட் நீளம் போதவில்லை. கழுத்தை முன்னே நீட்டினால்தான் தெரிகிறது என்றால் நீளம் அதிகம்.

அடுத்த சோதனை. இலக்கைப் பார்த்து நின்று, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் தளருங்கள். கண்ணைத் திறக்கும்போது வளையம் இலக்குக்கு வலப்பக்கம் போயிருந்தால் கையால் இழுக்காதீர்கள். பாதங்களைக் கொஞ்சம் திருப்புங்கள். மறுபடி கண்ணை மூடிப் பாருங்கள். வளையம் தானாகவே இலக்கில் வந்து நிற்கும் வரை இதையே செய்யுங்கள்.

அளவு சரியானதும் எழுதி வையுங்கள். பட் நீளம் அளவுகோலில் எந்தக் கோடு, சீக்பீஸ் எத்தனை, பின்குறி எத்தனை கிளிக் என்று எல்லாவற்றையும் குறியுங்கள். பகிர்ந்துகொள்ளும் துப்பாக்கி என்பதால் அடுத்த வாரம் நீங்கள் வரும்போது எல்லாம் மாறியிருக்கும். எழுதி வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் பழையபடி வந்துவிடும். எனவே என் பட்டியலில் முதல் பொருள் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன்.

ஒரு எச்சரிக்கை: கோச் அனுமதி இல்லாமல் எந்த ஸ்க்ரூவையும் தொடாதீர்கள். டிரிகரையும் காற்றுச் சிலிண்டரையும் எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது. சிலிண்டரில் ஏறக்குறைய 200 பார் அழுத்தம் இருக்கும்.

5. சிறு செலவு: கண்ணுக்கு உதவுபவை

இரண்டாவது பொருள் கண்மறைப்பு. ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு 75 நிமிடம் சுட்டால் முகத் தசை சோர்ந்துவிடும். திறந்திருக்கும் கண்ணும் கலங்கும். குறி பார்க்காத கண்ணுக்கு முன்னால் வெண்மையான, வெளிச்சம் ஊடுருவும் சிறு தகடு இருந்தால் இரண்டு கண்ணையும் திறந்தே வைக்கலாம். விதிப்படி அகலம் 30 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. பழைய பிளாஸ்டிக் கோப்பு உறையை வெட்டி நீங்களே செய்துகொள்ளலாம். கறுப்பு அட்டை வேண்டாம். ஒரு கண் இருட்டில் இருந்தால் மற்றக் கண்ணின் பாவையும் விரிந்துவிடும்.

முன்குறி வளையம் பல அளவுகளில் உண்டு. ரேஞ்சிலேயே நாலைந்து அளவு வைத்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். சின்ன வளையம் துல்லியம் தரும் என்று நினைப்பது புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு. வளையத்துக்கும் கறுப்பு வட்டத்துக்கும் நடுவே வெள்ளை இடம் தாராளமாகத் தெரிய வேண்டும். இடம் குறைந்தால் ஒவ்வொரு சின்ன ஆட்டமும் பூதாகரமாகத் தெரியும், விரல் தயங்கும், நேரம் போகும், குண்டு கெடும். நடுக்கம் கூடுதலாக இருக்கும் தொடக்க காலத்தில் பெரிய வளையமே நல்லது.

பின்குறியில் பொருத்தும் ஐரிஸ், துளையைப் பெரிதாக்கிச் சிறிதாக்க உதவும். நல்ல பொருள்தான். ஆனால் பல துப்பாக்கிகளில் ஏற்கனவே இருக்கும். இல்லாவிட்டாலும் முதல் ஆண்டு அவசரமில்லை. மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். துப்பாக்கியில் கன்னம் வைக்கும்போது கண்ணாடியின் ஓரத்தால் பார்க்கிறீர்களா, நடுவால் பார்க்கிறீர்களா? ஓரத்தால் பார்த்தால் முன்குறி மங்கும். அடுத்த முறை கண் பரிசோதனைக்குப் போகும்போது இதைச் சொல்லுங்கள். ஐரிஸைவிட இது முதலில் தீர வேண்டிய பிரச்சினை.

தொலைநோக்கிக் குறி பற்றிச் சிலர் கேட்கிறார்கள். இந்தப் போட்டியில் அதற்கு அனுமதியே இல்லை.

6. நடுத்தரச் செலவு: கையும் காலும்

மூன்றாவது பொருள் க்ளவ். துப்பாக்கியைத் தாங்கும் கையில் போடுவது. துப்பாக்கியின் எடை விதிப்படி 5.5 கிலோ வரை இருக்கலாம். போட்டியில் குறைந்தது 60 முறை தூக்கி இறக்குகிறீர்கள். 5 கிலோ என்றாலும் மொத்தம் 300 கிலோ. கை வழுக்காமலும் எலும்பு வலிக்காமலும் இருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தாங்க முடியும். க்ளவ் மற்ற உடைகளைவிட விலை குறைவு, சீக்கிரம் சின்னதாகிவிடவும் செய்யாது.

பூட்ஸுக்கு அவசரப்பட வேண்டாம். அடிப்பாகம் தட்டையாக உள்ள காலணி போதும். காற்றடைத்த மெத்தென்ற ஓட்டக் காலணியோடு மட்டும் நிற்காதீர்கள். நீங்கள் அசையாமல் நின்றாலும் காலணி அசையும்.

விலை கூடிய பெல்லட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தலைப்பாகத்தின் அளவு 4.49, 4.50 என்று நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் விற்கிறார்கள். நல்ல சுடுநருக்கு அது முக்கியம். உங்கள் குண்டுகள் இன்னும் எட்டுக்கும் பத்துக்கும் நடுவே அலைந்தால், பெல்லட்டை மாற்றினால் எந்த மாற்றமும் கண்ணுக்குத் தெரியாது. நசுங்கிய பெல்லட்டை மட்டும் பொறுக்கி ஒதுக்குங்கள்.

7. பெரிய செலவு: ஜாக்கெட்டும் கால்சட்டையும்

ஜாக்கெட் வீண் பொருள் என்று நான் சொல்லவில்லை. நின்று சுடும்போது இடுப்பு முன்னேயும் முதுகு பின்னேயும் வளைந்து எடையைத் தாங்குகிறது. நல்ல ஜாக்கெட் அந்த முதுகுக்குத் துணை. ஆனால் ஐஎஸ்எஸ்எஃப் எனப்படும் அனைத்துலகச் சம்மேளனம் அதற்குக் கடுமையான விதி வைத்திருக்கிறது. துணியின் கனம் 2.5 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. விறைப்பையும் கருவி வைத்து அளப்பார்கள். முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பகுதி 100 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். என் பெரிய ஜாக்கெட் தோற்றது இந்தக் கடைசி விதியில்தான். விதிகள் அவ்வப்போது மாறும். வாங்கும் முன் கோச்சிடம் கேளுங்கள்.

13 வயதில் வாங்கிய ஜாக்கெட் 15 வயதில் தோளில் ஏறாது. ஆகவே முதல் ஆண்டு பள்ளி ஜாக்கெட்டையே அணியுங்கள். உயரம் ஓரளவு நின்ற பிறகு, இன்னும் இரண்டு மூன்று ஆண்டு இந்த விளையாட்டில் இருப்பேன் என்று உறுதியான பிறகு, அளவெடுத்து வாங்குங்கள். கால்சட்டை அதற்கும் பிறகு. எடைக்கட்டிகள் எல்லாவற்றுக்கும் கடைசி. தாங்கும் தசை வளராமல் எடை கூட்டினால் நாற்பதாவது குண்டிலேயே கை கெஞ்சும்.

8. ஒன்றை மாற்றினால் ஒன்றை மட்டும்

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்று. மூன்று பயிற்சி அதோடு சுடுங்கள். நோட்டில் தேதி, மாற்றிய பொருள், குண்டு விழுந்த வடிவம் மூன்றையும் எழுதுங்கள். வளையமும் சீக்பீஸும் க்ளவும் ஒரே நாளில் மாற்றினால், புள்ளி ஏறினாலும் இறங்கினாலும் எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது.

நம் வட்டாரத்தில் இந்த விளையாட்டில் மேலே போனவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரின் ஜாஸ்மின் சேர் 2010, 2014 காமன்வெல்த் விளையாட்டுகளில் தங்கம் வென்றார். மார்ட்டினா வெலோசோ 2018இல் கோல்ட் கோஸ்ட்டில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்றார். மலேசியாவின் நூர் சூர்யானி தாயிபி எட்டு மாதக் கர்ப்பிணியாக 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நின்று சுட்டார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இந்தியாவுக்காக உலகக் கிண்ணத் தங்கம் வென்றிருக்கிறார். நாமும் அந்த வரிசையில் நிற்க ஆசைப்படலாம், தப்பே இல்லை. ஆனால் அவர்கள் இன்று அணிந்திருப்பதை நாம் முதல் மாதமே அணிய வேண்டியதில்லை.

செய்து பாருங்கள்

அ. உங்கள் வாங்கும் பட்டியலை எழுதுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே, "என் அட்டையில் தெரியும் எந்தத் தவறை இது தீர்க்கும்?" என்ற கேள்விக்குப் பதில் எழுதுங்கள். பதில் வராத பொருளை அடித்துவிடுங்கள்.

ஆ. மிச்சமிருப்பவற்றில், காசில்லாமல் சரிசெய்ய வழி உண்டா என்று கோச்சிடம் கேளுங்கள்.

இ. அதற்குப் பிறகும் நிற்கும் பொருளில் ஒன்றை மட்டும் வாங்குங்கள். மூன்று பயிற்சிக்குப் பின் நோட்டைப் பாருங்கள்.

சித்தி மகனோடு அன்றைக்கே உட்கார்ந்து இதைச் செய்தேன். ஒன்பதில் மிஞ்சியவை க்ளவும் கண்மறைப்பும். பட்டியலில் இல்லாத நோட்டுப் புத்தகம் மூன்றாவதாகச் சேர்ந்தது. தீபாவளிக்குக் கிடைத்த பணத்திலேயே எல்லாம் முடிந்தது. கண்மறைப்பை அவனே வெட்டிக்கொண்டான். டீமில் எடுத்தார்களா என்றால், இன்னும் இல்லை, ரிசர்வில் இருக்கிறான். போன வாரம் நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். இடம் வலமாகப் பரவிக் கிடந்த குண்டுகள் பாதத்தைத் திருப்பிய பிறகு எப்படிக் கூடின என்று படம் போட்டு வைத்திருக்கிறான். சித்தி ஓவர்டைம் பார்க்கவில்லை. அந்த இரண்டு மாதமும் சனிக்கிழமைகளில் வீட்டில்தான் இருந்தார்.